‘பெறுமதியான’ என்ற சொல்: வணிக எழுத்தில் அதன் பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் கடிதம், விலைமனு, கடைத் துண்டுப்பிரசுரம், செயற்றிட்ட முன்மொழிவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்களிலிருந்தும் என் மேசைக்கு வரும் தாள்களில் ‘பெறுமதியான’ என்ற சொல் இல்லாத தாள் அரிது. அந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை விடைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

‘பெறுமதியான’ என்றால் ‘விலை கூடிய’ என்றுதானே பொருள்?

எப்போதும் அப்படி அல்ல. இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு தொகை நிற்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் வேலையே மாறிவிடும். ‘50 ரூபா பெறுமதியான முத்திரை’ என்று எழுதினால் அதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. முத்திரையின் அளவைச் சொல்கிறோம், அவ்வளவுதான். 50 ரூபா சிறிய தொகை என்பதால் அந்தத் தொடர் பிழையாகிவிடுவதில்லை. தொகையை எடுத்துவிட்டு ‘பெறுமதியான முத்திரை’ என்று எழுதிப் பாருங்கள்: உடனே அது சேகரிப்பாளர்கள் தேடித் திரியும் அரிய முத்திரை ஆகிவிடுகிறது. தொகையோடு வந்தால் அளவுச்சொல், தொகையின்றி வந்தால் சிறப்புச்சொல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகையும் உண்டு. ‘விவசாயிகளுக்குப் பெறுமதியான தகவல்’ என்பதில் தொகை இல்லை, ஆனால் யாருக்கு என்பது இருக்கிறது. வணிக எழுத்தில் நான் பார்க்கும் குறைகளில் பெரும்பாலானவை, எவ்வளவு என்பதும் சொல்லப்படாமல் யாருக்கு என்பதும் சொல்லப்படாமல் இந்தச் சொல் தனியே விடப்படுவதால் வருபவை. ‘எமது நிறுவனம் பெறுமதியான சேவைகளை வழங்குகிறது’ என்ற வாக்கியத்தை எந்த நிறுவனமும் எழுதலாம் என்பதே அதன் குறை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பேச்சில் நாம் இதைச் சொல்வதே இல்லையே?

‘பெறு’ என்ற வினையும், மதித்தல் அல்லது அளவிடுதல் என்ற பொருளில் வரும் ‘மதி’யும் சேர்ந்தது ‘பெறுமதி’. ஒரு பொருள் கைமாறினால் எவ்வளவு பெறும் என்ற மதிப்பீடே அது. ‘பெறுமதி’ என்ற பெயர்ச்சொல் பேச்சில் குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் வேர் சந்தையில் நாள்தோறும் கேட்கிறது. சில மாதங்களுக்கு முன் என் கடை வாசலில் ஒரு பழைய சைக்கிளுக்குப் பேரம் நடந்தது. விற்க வந்தவர் வயதானவர், வாங்க வந்தவன் இளைஞன்.

“தம்பி, இது பதினைஞ்சு பெறும்.”

“பெறாது காக்கா. ரெண்டு டயரும் தேஞ்சு போச்சு. பத்துத் தாறன்.”

கடைசியில் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்குச் சைக்கிள் கைமாறியது. பன்னிரண்டாயிரம் என்பது விலை. பதினைந்தும் பத்தும் அவரவர் மனத்தில் இருந்த பெறுமதி. ‘பெறும்’, ‘பெறாது’ என்ற இரண்டு சொற்களுக்குள் பேரம் முழுவதும் அடங்கிப்போனது. இருவரில் ஒருவரும் பெயரடை எதையும் பயன்படுத்தவில்லை. எழுத்தில் தடுமாறும்போது, எழுதிய வாக்கியத்தை ‘இது என்ன பெறும்?’ என்ற கேள்விக்கு விடையாக வைத்துப் பார்ப்பது என் வழக்கம். விடை வராவிட்டால் சொல்லை எடுத்துவிடுவேன்.

விலை, கிரயம், பெறுமதி ஆகிய மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. ஒரு பொருளை ஆக்கவோ வாங்கவோ நமக்குச் செலவானது கிரயம். விற்கும்போது கேட்பதும் கொடுப்பதும் விலை. அந்தப் பொருள் பெறக்கூடியது பெறுமதி. தமிழ்நாட்டுக்காரர் ‘கிரயப் பத்திரம்’ என்று காணி விற்பனை உறுதியைச் சொல்வதால் அவர்களுக்குக் கிரயம் என்பது விற்பனையோடு ஒட்டியது. நம் பாடசாலைக் கணக்கீட்டுப் பாடத்தில் கிரயம் என்பது செலவானது மட்டுமே. இரண்டு கரைக்கும் போகும் கடிதமானால் இதைக் கவனிக்க வேண்டும்.

விலையும் பெறுமதியும் வேறு என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சான்று இருக்கிறது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே வலுவானது. நொத்தாரிசு அதை நன்கொடை உறுதியாக எழுதுவார். அதில் விலை என்று ஒன்றும் இல்லை, ஏனென்றால் யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. ஆனால் பெறுமதி எழுதப்படும், ஏனென்றால் முத்திரைத் தீர்வையைக் கணிக்க ஒரு தொகை வேண்டும். விலையே இல்லாத இடத்திலும் பெறுமதி உண்டு.

கிரயத்துக்கும் பெறுமதிக்கும் எருமைத் தயிரை எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டித் தயிருக்குப் பால், சட்டி, விறகு, கூலி என்று 400 ரூபா செலவானதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளும் அந்தச் சட்டியின் கிரயம் 400 ரூபா, ஐந்தாம் நாளும் 400 ரூபா. ஆனால் வெயிலில் இருந்து புளித்துப்போன ஐந்தாம் நாள் தயிரை 250 ரூபாவுக்குக்கூட எடுக்க ஆள் இல்லை. கணக்கீட்டு நியமம் இதை ஒப்புக்கொள்கிறது: கையிருப்பிலுள்ள சரக்கை, அதன் கிரயம், விற்றால் செலவு போகத் தேறக்கூடிய பெறுமதி ஆகிய இரண்டில் எது குறைவோ அந்தத் தொகையில்தான் கணக்கில் காட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது ‘பெறுமதியான கையிருப்பு’ என்று எழுதிவிட்டு வாங்கிய தொகையைக் கீழே போடுபவர்கள் தங்களை அறியாமல் கிரயத்தையே பெறுமதி என்று சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ‘மதிப்பு’ என்கிறார்கள். நாமும் அப்படி எழுதலாமா?

எழுதினால் புரியும். ‘5 இலட்சம் ரூபா மதிப்பிலான’ என்பது அங்கே நாளிதழ் வழக்கு. ‘5 இலட்சம் ரூபா பெறுமதியான’ என்பது இங்கே நாளிதழ் வழக்கு. அங்கே ‘மதிப்புக் கூட்டு வரி’ என்று இருந்தது இங்கே ‘பெறுமதி சேர் வரி’. ஆனால் நம்மிடம் இரண்டு சொற்கள் இருப்பது ஒரு வசதி, அதை வீணாக்க வேண்டியதில்லை. ஆட்களுக்கு மதிப்பு, பொருட்களுக்குப் பெறுமதி என்று பிரித்து எழுத நம்மால் முடிகிறது. ‘அவருக்கு ஊரில் நல்ல மதிப்பு’ என்று சொல்கிறோம். ‘அவருக்கு நல்ல பெறுமதி’ என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் அவரை ஏலத்தில் விட்டதுபோல் இருக்கும்.

பாடசாலையில் கணிதம் படித்தவர்களுக்கு மூன்றாவது சொல்லும் நினைவிருக்கும்: ‘பெறுமானம்’. எண்ணின் இடப்பெறுமானம், x இன் பெறுமானம் என்பவற்றில் வருவது அது. வணிகத்தில் ‘பெறுமானத்தேய்வு’ என்ற ஒரு சொல்லில் அது நிலைத்துவிட்டது. மற்ற இடங்களில் ‘பெறுமானமான பொருள்’ என்று எழுத வேண்டாம், காதுக்கே ஒட்டவில்லை.

‘10,000 ரூபா பெறுமதியான 5 பரிசுகள்’ என்று போட்டால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். ஒரு பெருநாள் காலத்தில் துணிக்கடை ஒன்றுக்கு நானே இந்த வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். கடைக்காரர் நினைத்தது ஐந்து பரிசும் சேர்த்துப் பத்தாயிரம். சீட்டு விழுந்த ஐந்து பேரும் நினைத்தது ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம். குலுக்கல் நாளன்று இரண்டாயிரம் ரூபாவுக்கான கூப்பனைக் கையில் வாங்கிய பெண் துண்டுப்பிரசுரத்தை விரித்து, கடைக்காரரின் முன்னால் வைத்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். அவர் பேசவே தேவைப்படவில்லை. தமிழ்ப்படி இருவர் வாசிப்பும் சரியாக இருந்ததுதான் சிக்கல். பிழை என்னுடையது.

‘ஒவ்வொன்றும் 2,000 ரூபா பெறுமதியான 5 பரிசுகள்’ என்றோ ‘மொத்தம் 10,000 ரூபா பெறுமதியான 5 பரிசுகள்’ என்றோ எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. ‘ஒவ்வொன்றும்’, ‘மொத்தம்’ ஆகிய இரண்டில் ஒன்று இல்லாமல், தொகையும் எண்ணிக்கையும் ஒரே தொடரில் வரும் எந்த வாக்கியத்தையும் இப்போது நான் அச்சுக்கு விடுவதில்லை. விலைமனுவிலும் இதே விதி: ‘85,000 ரூபா பெறுமதியான 4 மேசைகள்’ என்று எழுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு விளக்கம் சொல்வது, துண்டுப்பிரசுரத்துக்கு விளக்கம் சொல்வதைவிடச் செலவு கூடியது.

வாடிக்கையாளரை ‘பெறுமதிமிக்க வாடிக்கையாளர்’ என்று அழைக்கலாமா?

பரவலாக அழைக்கிறார்கள். குறுஞ்செய்தியில் வருகிறது, வங்கிக் கடிதத்தில் வருகிறது. நான் எழுதுவதில்லை. ஆங்கிலக் கடிதத்தின் முதல் வரியை அப்படியே பெயர்த்ததில் பிறந்த தொடர் அது. மேலே சொன்ன பிரிவின்படி ஆட்களுக்கு மதிப்பு. எனவே ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே’ அல்லது ‘எமது கௌரவ வாடிக்கையாளர்களே’ என்பதே இயல்பு. சிறிய கடையானால் ‘எங்கள் வாடிக்கையாளர்களுக்கு’ என்று தொடங்கி நேரே விடயத்துக்கு வருவது இன்னும் நன்று.

‘உங்கள் பெறுமதியான நேரம்’, ‘பெறுமதியான ஆலோசனை’ என்பவை வேறு. நேரமும் ஆலோசனையும் ஆட்கள் அல்ல, அவை ஒருவருக்குப் பயன் தருபவை, ஆதலால் தொடர் நிற்கும். ஒரே கடிதத்தில் மூன்று தடவை வந்தால் மட்டும் இரண்டை வெட்டிவிடுங்கள்.

‘உங்கள் பெறுமதியான வாக்கு’ என்று தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் எழுதலாமா?

எழுதலாம். ‘பொன்னான வாக்கு’ என்ற பழைய தொடரை விட்டுவிட விரும்புபவர்கள் இதை எழுதுகிறார்கள். முன்னால் தொகை மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால் அது இலக்கணப் பிழையாக இராது, இலஞ்சக் குற்றமாக இருக்கும்.

‘பெறுமதியற்ற’, ‘விலைமதிப்பற்ற’ இரண்டிலும் ‘அற்ற’ இருக்கிறது. ஏன் பொருள் எதிரெதிராக வருகிறது?

நல்ல கேள்வி, மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களும் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘பெறுமதியற்ற காகிதம்’ என்றால் குப்பை. ‘விலைமதிப்பற்ற ஓவியம்’ என்றால் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாத ஓவியம். ‘அற்ற’ என்பது ‘இல்லாத’ என்றே இரண்டிலும் பொருள்படுகிறது; எது இல்லை என்பதில்தான் வேறுபாடு. முதலாவதில் இல்லாதது பொருளின் தகுதி. இரண்டாவதில் இல்லாதது அதை மதித்து விலை சொல்லும் வழி. ‘அளவற்ற’, ‘எல்லையற்ற’ என்பவை ‘மிகப் பெரிய’ என்று பொருள்படுவதும் இதே முறையில்தான்: அளவுகோல் இல்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்கிறோம்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், ‘விலை’யை விட்டுவிட்டு ‘மதிப்பற்ற’ என்று மட்டும் எழுதும்போது. பிரியாவிடை விழா ஒன்றின் அழைப்பிதழ் வரைவில், ஓய்வுபெறும் பாடசாலை அதிபரின் ‘மதிப்பற்ற சேவை’யைப் பாராட்டுவதாக எழுதி வந்திருந்தது. அச்சுக்குப் போகுமுன் கண்ணில் பட்டது அவருடைய அதிர்ஷ்டம். இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் ‘விலைமதிக்க முடியாத’ என்று எழுதலாம். அதைத் தவறாக வாசிக்க வழியில்லை.

காலம் கடந்த கூப்பன், இரத்தான காசோலை ஆகியவற்றுக்கு ‘பெறுமதியற்றது’ என்று எழுதுவதும் சரியல்ல. அங்கே வேண்டியது ‘செல்லுபடியாகாது’. 2,000 ரூபா என்று அச்சிட்ட கூப்பனில் அந்தத் தொகை இன்னமும் இருக்கிறது. செல்லும் காலம்தான் முடிந்துவிட்டது.

‘பெறுமதி சேர்க்கப்பட்ட உற்பத்தி’ என்று எல்லா முன்மொழிவிலும் எழுதச் சொல்கிறார்கள். அதன் பொருள் என்ன?

மூலப்பொருளாக விற்காமல், அதில் ஒரு வேலை செய்து, அந்த வேலையால் அது கூடுதலாகப் பெறும்படி ஆக்குவது. அவ்வளவுதான். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே மரமுந்திரி விளையும் ஊர்களில் இதை நேரிலே பார்க்கலாம். கஜுக் கொட்டையை ஓட்டோடு மூடையாக விற்பது ஒரு வழி. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து விற்பது இன்னொரு வழி. ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். ஆகவே உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ நான்கு கிலோ கொட்டையில் ஒரு கிலோ பருப்புத்தான் தேறும். அந்த ஒரு கிலோ விற்ற காசிலிருந்து நான்கு கிலோ கொட்டையின் விலையைக் கழித்து மிஞ்சுவதுதான் ‘சேர்ந்த பெறுமதி’. அந்தப் பெண்களின் கூலி அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே முன்மொழிவில் ‘பெறுமதி சேர்க்கப்பட்ட கஜு உற்பத்தி’ என்று எழுதி நிறுத்தாமல், என்ன வேலையால், எவ்வளவு சேர்ந்தது என்று அடுத்த வரியில் எழுதச் சொல்வேன். பொதியிட்டு ஒட்டுத்தாள் ஒட்டியதை மட்டும் பெறுமதி சேர்த்தது என்று சொல்லும் முன்மொழிவுகளும் வருகின்றன. சில வேளை அது உண்மைதான், நல்ல பொதியில் பருப்பு நமத்துப்போகாமல் கூடுதல் நாள் இருக்கும். பல வேளை அது பொதியின் விலையை வாங்குபவர் தலையில் கட்டுவது மட்டுமே.

பெறுமதி சேர் வரியில் உள்ள ‘பெறுமதி சேர்’ என்பதும் இதே பொருளா?

இதே பொருள்தான். நாம் ‘வற்’ (VAT) என்று சொல்லிச் சொல்லிப் பெயரின் பொருள் மறந்துவிட்டது. இலங்கையில் இந்த வரி 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18 சதவீதம். வரிக்குப் பதிவுசெய்த தளபாடக்காரர் ஒருவர், பதிவுசெய்த மற்றொருவரிடம் 10,000 ரூபாவுக்கு மரம் வாங்கினால் 1,800 ரூபா வரி கொடுக்கிறார். அந்த மரத்தில் செய்த மேசையை 16,000 ரூபாவுக்கு விற்கும்போது 2,880 ரூபா வரி அறவிடுகிறார். தாம் கொடுத்த 1,800 ரூபாவைக் கழித்து 1,080 ரூபாவை அரசுக்குச் செலுத்துகிறார். 1,080 என்பது 6,000 ரூபாவின் 18 சதவீதம். அந்த 6,000 ரூபாதான் அவருடைய பட்டறையில் மரத்தோடு சேர்ந்த பெறுமதி. பெயர் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது.

விலைமனு எழுதும்போது ‘வரி உட்பட’, ‘வரி நீங்கலாக’ என்ற இரண்டில் ஒன்றை எழுதாமல் விடக்கூடாது. ‘11,800 ரூபா பெறுமதியான கதிரை, வரி உட்பட’ என்றால் அதிலுள்ள வரி 1,800 ரூபா. 11,800 இன் 18 சதவீதத்தைக் கணித்து 2,124 ரூபா என்று எழுதி வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

‘பெறுமதியான’, ‘இலாபகரமான’ இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வருமா?

வராது. பெறுமதி கூடினால் இலாபம் கூடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகளில் அறுவடை நேரத்தில் ஒவ்வொரு போகமும் வரும் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: வெட்டுமெசினிலிருந்து இறங்கிய ஈரநெல்லை அப்படியே கொடுப்பதா, காயவைத்துக் கொடுப்பதா? நெல் சந்தைப்படுத்தல் சபை எதிர்பார்க்கும் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாதது. 20 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ நெல் இருக்கிறது என்றால், அதில் ஈரம் போக இருப்பது 800 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் நிறை 930 கிலோவுக்கு இறங்கும். 70 கிலோ வெயிலோடு போய்விடுகிறது.

விலைகளைக் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம்: ஈரநெல் கிலோ 100 ரூபா, காய்ந்தது 115 ரூபா. ஈரமாகக் கொடுத்தால் 1,00,000 ரூபா. காயவைத்துக் கொடுத்தால் 1,06,950 ரூபா. காய்ந்த நெல் பெறுமதி கூடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 6,950 ரூபாவுக்குள் நெல்லை விரிக்க ஆள், கிண்டிவிட ஆள், படங்குக்கு வாடகை, இரண்டு நாள் காவல், திரும்ப மூடை கட்டும் கூலி எல்லாம் அடங்க வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். வீட்டு ஆட்களே நின்று செய்பவருக்கு அது இலாபகரமானது. எல்லாவற்றுக்கும் கூலி கொடுப்பவருக்கு நட்டமாகவும் முடியலாம். நெல்லும் ஒன்று, பெறுமதியும் ஒன்று, இலாபம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகையால் பொருளுக்குப் ‘பெறுமதியான’, தொழிலுக்கும் முயற்சிக்கும் ‘இலாபகரமான’ என்று எழுதுவதே பொருத்தம். ‘இலாபகரமான நெல்’ என்று எழுத முடியாமல் இருப்பதைக் கவனியுங்கள்.

கணக்கேட்டில் உள்ள பெறுமதியை அப்படியே ‘பெறுமதியான’ என்பதற்கு முன்னால் எழுதலாமா?

எந்தப் பெறுமதி என்று சொல்லிவிட்டு எழுதலாம். 10 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய இயந்திரம், 8 வருடம் உழைத்து முடிவில் 2 இலட்சம் தேறும் என்று கொண்டால், வருடத்துக்கு 1 இலட்சம் பெறுமானத்தேய்வு. மூன்று வருடத்தின் பின் கணக்கேட்டில் அது 7 இலட்சம் ரூபா பெறுமதியானது. சந்தையில் அது 5 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பழைய வாகனங்கள் விலைபோனதை எல்லோரும் பார்த்தோம். கணக்கேடுகளோ அதே வாகனங்களை வருடா வருடம் தேய்த்துக்கொண்டிருந்தன. எனவே ‘கணக்கேட்டின்படி 7 இலட்சம் ரூபா பெறுமதியான’ அல்லது ‘இன்றைய சந்தையில் 9 இலட்சம் ரூபா பெறுமதியான’ என்று எழுதுங்கள்.

விலை கூடிய பொருளை விற்கும்போது ‘பெறுமதியான’ என்று எழுதினால் விலை கூடியது என்பதை மறைக்கலாமா?

இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக ஒருவர்தான் கேட்டார், ஆனால் பலர் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். மறையாது, வாங்குபவர் விலைச்சீட்டைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஆலைச் சாரத்தைவிட விலை கூடியது என்றால், சாயம் எத்தனை தோய்ச்சலுக்கு நிற்கும், நூல் எது, எத்தனை முழம் என்பதை எழுதினால் போதும். பெறுமதியை வாசிப்பவரே கண்டுகொள்வார். விலைக்குத் தக்க பொருள் என்று சொல்ல வேண்டுமானால் ‘கொடுக்கும் காசுக்குப் பெறும்’ என்ற நம் பேச்சு வழக்கையே எழுத்திலும் வைக்கலாம். ‘பணத்திற்கான பெறுமதி’ என்ற தொடரைவிட அது தமிழாக இருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் கவனிக்க வேண்டியவை?

வல்லின ‘று’: ‘பெருமதி’ என்பது பிழை. ‘ஆன’ என்று முடியும் பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகாது: ‘பெறுமதியான பொருள்’ சரி, ‘பெறுமதியானப் பொருள்’ பிழை. ‘பெறுமதிமிக்க’, ‘பெறுமதி மிக்க’ இரண்டும் வழக்கில் உண்டு. ஒரே தாளில் ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

காப்புறுதிப் படிவத்தில் ‘வீட்டிலுள்ள பெறுமதியான பொருட்கள்’ என்ற நிரலில், விற்கவே மாட்டாத பொருளுக்கு என்ன தொகை எழுதுவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஓர் அம்மா இப்படி ஒரு படிவத்தோடு என் முன்னால் இருந்தார். தங்க நகைகளுக்குச் சிக்கல் இல்லை: ஒரு பவுண் 8 கிராம், பவுண் கணக்கை எழுதி அன்றைய விலையால் பெருக்கினோம். அடுத்தது அவருடைய அம்மம்மாவின் வெற்றிலை வட்டா, அதாவது வெற்றிலை வைக்கும் காலுள்ள பித்தளைத் தட்டு. பித்தளைக்காரர் அதை நிறுத்துக் கிலோக் கணக்கில் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையைக் கேட்டதிலிருந்து அவருக்குக் கோபம் ஆறவில்லை. “அது அவ்வளவு பெறாதெண்டு அவன் சொல்லுறான் தம்பி” என்றார்.

படிவம் கேட்பது அவருக்கு அது எவ்வளவு பெறும் என்பதையும் அல்ல, பித்தளைக்காரருக்கு எவ்வளவு பெறும் என்பதையும் அல்ல. தொலைந்துபோனால் அதே மாதிரியான பழைய வட்டா ஒன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்பதையே அது கேட்கிறது. பழம்பொருள் விற்கும் இரண்டு கடைகளில் விசாரித்து, இரண்டிலும் சொன்ன தொகைக்கு நடுவில் ஒன்றை எழுதினோம். குறிப்பு என்ற நிரலில் ‘பழைய பித்தளை வட்டா, நிறை 1.5 கிலோ, காலில் ஒட்டு உண்டு’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘அம்மம்மாவுடையது’ என்றும் எழுதச் சொன்னார். இடம் இருந்தது, எழுதினேன்.